கல்யாணக் காரின் கிளட்ச்

என் அண்ணன் தொலைபேசியில் தமிழ் பேசினால் அவனுக்கு ஏதோ காரியம் ஆக வேண்டும் என்று அர்த்தம். சிட்னிக்குக் குடிபோன பிறகு சும்மா கூப்பிடும் நாட்களில் எல்லாம் பிஜி ஹிந்திதான், பாதி இங்கிலீஷ் கலந்து. பிஜித் தீவில் எங்கள் பா ஊரில் முக்கால்வாசி வீடுகளில் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள். தமிழ் எங்கள் அப்பா மிரட்டி உருட்டி எங்கள் வாயில் வைத்தது. அப்பா செத்துப்போன பிறகு அண்ணன் அதைக் காரியத்துக்கென்று எடுத்து வைத்துக்கொண்டான். அண்ணனை 'அவர்' என்று மரியாதையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை, போகட்டும்.

அன்றைக்குத் தமிழில் கூப்பிட்டான்.

"தம்பி, அப்பா காடி எப்படிடா இருக்கு?"

காடி என்றால் எங்கள் பக்கத்தில் கார்.

"நீ நிறுத்திட்டுப் போன எடத்துலதான் இருக்கு. அது எங்க போவும்?" என்றேன்.

"அத ஓடுற மாதிரி பண்ணி வையிடா. நான் வரேன். வந்து நானே ஓட்டணும்."

'நான் வரேன்' என்ற சொல்லை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். இந்தியர் கையில் ஆட்சி இருக்கக் கூடாது என்று சிலர் நாடாளுமன்றத்துக்குள் துப்பாக்கியோடு புகுந்து மந்திரிகளைப் பிடித்து வைத்த வருடம் அது. பா ஊரின் வரதோலிப் பகுதியில் எங்கள் தெருவில் ஒவ்வொரு வீடாகப் பூட்டு விழுந்துகொண்டிருந்தது. ஒருத்தரும் சொல்லிவிட்டுப் போவதில்லை. பாத்திரம் பண்டம் கொடுக்க ஆரம்பித்தால் வெளிநாட்டுக்குக் கிளம்புகிறார்கள் என்று நாமாகப் புரிந்துகொள்ள வேண்டும். என் மனைவியின் அக்கா நியூசிலாந்தில், ஆக்லந்தில் இருந்தாள். பால் பண்ணை ஒன்றில் எனக்கு வேலை பார்த்து வைத்துவிட்டு, வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மனைவியும் தினமும் அதே பாட்டுதான். "அண்ணன் வரட்டும்" என்பேன் நான். பதின்மூன்று வருடத்துக்கு முன்னால் முதல் தடவை ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது, "நெலம சரியானதும் வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனவன் அவன். அவன் வந்துவிட்டால் அப்பா வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேரும் இருப்போம், நான் ஏன் ஊரான் மாட்டுக்குச் சாணி அள்ளப் போக வேண்டும்? இத்தனை வருடமும் அந்த ஒரு நம்பிக்கையில்தான் இருந்தேன். இப்போது அவனே வாய் திறந்து வருகிறேன் என்கிறான்.

"காடிய சரி பண்ணச் சொல்லிட்டான். எதுக்குச் சொல்றான்? இங்கயே இருக்கப் போறான்" என்றேன் மனைவியிடம்.

"அப்படின்னு அவரு சொன்னாரா?" என்று கேட்டாள்.

"அத வேற தனியா சொல்லணுமா?"

அவள் அரிசியைக் களையப் போய்விட்டாள்.

கார் அப்பாவுடையது. கரும்பு வெட்டி முதுகு போன பிறகு டாக்ஸி ஓட்டலாம் என்று வாங்கிய பழைய இங்கிலீஷ் கார். வட்டமான கூரை, வெள்ளை நிறம், முன்னால் கைப்பிடி போட்டுச் சுற்றினாலும் இஞ்சின் எடுக்கும். பா ஊரில் ஒரு காலத்தில் அதுதான் கல்யாணக் கார். நாங்கள் மாரியம்மன் கோயில்காரர்கள். ஆனால் இந்து, முஸ்லிம் என்று பார்க்காமல் எல்லோர் வீட்டு மாப்பிள்ளையும் அதில்தான் போனான். என் கல்யாணத்துக்கும் அதுதான் வந்தது. இடது பக்கப் பின்கதவை இரண்டு தரம் அறைந்தால்தான் சாத்திக்கொள்ளும். அப்பா அதைச் சரிசெய்யவே இல்லை.

முதல் தடவை நாடு தலைகீழானபோது அண்ணன் அதைக் கொல்லைக் கொட்டகையில் ஏற்றி, நான்கு பக்கமும் கட்டை முட்டுக் கொடுத்து நிறுத்தினான். அப்புறம் செய்தான் பாருங்கள் ஒரு வேலை! பிளக்குகளைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டைகளில் வீட்டில் காய்ச்சிய தேங்காய் எண்ணெயை ஊற்றினான். எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் அந்த எண்ணெய்தான். தலைக்கு, தீக்காயத்துக்கு, கதவுக் கீலுக்கு, சைக்கிள் சங்கிலிக்கு, சாமி விளக்குக்கு. இஞ்சின் மட்டும் என்ன பாவம் செய்தது? உள்ளே துரு பிடிக்காமல் இருக்கும் என்றான். சிறிது நாளில் வந்துவிடுகிறவனுக்கு அது போதும். அவன் வரவில்லை, எண்ணெய் அங்கேயே கிடந்தது. பா ஆறு பெருகி வெள்ளம் கொட்டகைக்குள் வந்ததும் உண்டு. சக்கரத்தின் பாதி வரை சேறு படிந்து, காய்ந்து, திரும்பப் படிந்தது.

கொட்டகைக் கதவைத் திறந்த அன்று முதலில் வெளியே வந்தவை குளவிகள். புகைக்குழாயில் கூடு, கார்ப்பரேட்டர் வாயில் கூடு. இருக்கைப் பஞ்சில் எலி குடும்பம் நடத்தியிருந்தது. முன்னால் கைப்பிடியை மாட்டிச் சுற்றினேன். அசையவில்லை. என் முழு எடையையும் போட்டுத் தொங்கினேன். ஊஹூம்.

நான் கரும்பு லாரி ஓட்டுகிறவன். லாரி நடுவழியில் படுத்தால் யாரும் வரமாட்டார்கள், நாமே கையை விட்டாக வேண்டும். அதனால் கொஞ்சம் தெரியும். எதிர் வீட்டு பாய்க்கு எல்லாம் தெரியும் என்று அவருக்கு எண்ணம். பஸ் டெப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் தாத்தாவும் என் தாத்தாவும் மதராஸிலிருந்து ஒரே கப்பலில் வந்தவர்கள் என்று அடிக்கடி சொல்வார். உண்மையோ பொய்யோ, கேட்க நன்றாக இருக்கும்.

"பிஸ்டன் ரிங்கு துரு புடிச்சி ஒட்டிக்கிச்சி பையா. இஞ்சின் மேல்மூடிய, ஹெட்டத் தூக்கு" என்றார்.

"தூக்கிட்டு? கேஸ்கட் கிழிஞ்சா உங்க லுங்கிய வெட்டி வைக்கிறதா? இந்த காடிக்கு எங்க கெடைக்கும்?"

"அரே, டெப்போல எத்தன ஹெட்டு தூக்கியிருக்கேன், என்கிட்டயே சட்டம் பேசுறியா?"

தினமும் சாயங்காலம் இதே சண்டை. எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. நான் ஹெட்டைத் தூக்கவில்லை. பிளக்குகளைக் கழற்றி, டார்ச் அடித்து, கம்பியை உள்ளே விட்டுச் சுரண்டினேன். கம்பி முனையில் பழுப்பாக, பாகு போல ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. முகர்ந்தேன். சிக்கு வாடை. இழுத்து மூடிய எண்ணெய்ச் சாடியைத் திறந்தால் வருமே, அதே வாடை. துரு இல்லை, அண்ணன் ஊற்றிய தேங்காய் எண்ணெய்தான் பிஸ்டனைச் சுற்றி இறுகிப்போய்க் கிடந்தது.

மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தேன். அசையவில்லை. டீசல் ஊற்றினேன். அசையவில்லை. ஜூலை மாதம், எங்கள் பக்கத்தில் அதுதான் குளிர்காலம். ஒரு காலை மனைவி உறைந்த தலையெண்ணெய் போத்தலை வெந்நீர்ச் சொம்பில் வைத்துவிட்டு நின்றாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அட மடையா, இதற்கு ஏன் இத்தனை நாள்?

கோயில் பூசைக்குச் சமைக்கிற பெரிய அண்டாவைக் கொல்லையில் விறகடுப்பில் ஏற்றினோம். கொதிக்கக் கொதிக்க ரேடியேட்டர் வழியாக ஊற்றுவேன். இஞ்சின் உடம்பெல்லாம் சூடேறும். ஆறியதும் கீழே திறந்து விட்டுவிட்டு மறுபடியும் ஊற்றுவேன். மனைவி புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு விறகு தள்ளினாள்.

"பெத்த அப்பனுக்கு வெந்நி வச்சிக் குடுத்தீங்களா இப்படி?" என்றாள்.

"வாய மூடிக்கிட்டுத் தள்ளு."

"அக்கா நேத்தும் போன் பண்ணிச்சி. பண்ணக்காரன் ரொம்ப நாள் காத்திருக்க மாட்டானாம்."

"நாங்க வரலன்னு சொல்லிடு."

அவள் ஏறிட்டுப் பார்த்தாள். "ஒரேயடியா சொல்லிடவா?"

"சொல்லிடு."

சொல்லிவிட்டாள். மூன்றாம் நாள் கைப்பிடி ஒரு விரலளவு அசைந்தது. முன்னும் பின்னுமாக ஆட்டிக்கொண்டே இருந்தேன். சாயங்காலத்துக்குள் முழுச் சுற்று சுற்றியது. ஓடிப்போய் எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன். "பாய், ஹெட்டத் தூக்காமலே சுத்துது, வந்து பாருங்க!" என்று கத்தினேன். பதில் இல்லை. ஜன்னலில் திரை இல்லை. உள்ளே வெறும் தரை. அதற்கு இரண்டு நாள் முன்னால் அவர் வீட்டிலிருந்து பெரிய பிரியாணிச் சட்டி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது, சட்டியைத் திருப்பித் தர வேண்டாம் என்ற செய்தியோடு. எனக்குத்தான் உறைக்கவில்லை. சண்டை போட்ட மனிதர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

அப்புறம் மிச்ச வேலையைத் தனியாகப் பார்த்தேன். கியர் பெட்டியைத் திறந்து விட்டால் எண்ணெய் பால் சாயா நிறத்தில் வந்தது. வெள்ளத் தண்ணீர் உள்ளே புகுந்திருக்கிறது. பின் அச்சிலும் அதே கதை. டீசல் விட்டுக் கழுவிக் கழுவிப் புது எண்ணெய் ஊற்றினேன். பெட்ரோல் டாங்கிக்குள் துரு. சர்க்கரை ஆலையிலிருந்து கரும்புக் கழிவுப்பாகு வாங்கி வந்து, தண்ணீரில் கரைத்து, டாங்கி நிறைய விட்டு ஊற வைத்தேன். எங்கள் ஊரில் துருவுக்கு அதுதான் மருந்து. துரு அப்படியே கரைந்து கறுப்பாக வெளியே வந்தது. பொறி கிளப்புகிற பாயின்ட் முனைகளில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது, தேய்த்தேன். பிளக் முனையில் நீலமாகப் பொறி வந்தது.

இஞ்சின் ஸ்டார்ட் ஆன அன்று கொட்டகை முழுக்க வெள்ளைப் புகை. உள்ளே மிச்சமிருந்த எண்ணெய் எரிந்து, தெருவெல்லாம் பஜியா சுடுகிற வாசனை. தெருவில் மிச்சமிருந்த நாலு வீட்டுக்காரர்களும் என்ன விசேஷம் என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். "எங்கண்ணன் திரும்பி வரான்!" என்று எல்லோரிடமும் சொன்னேன். ஒரு கிழவர் 'இசா' என்றார், அடடா என்பதற்கு எங்கள் தீவில் அப்படித்தான். "திரும்பி வர்றவன இப்பதான் கேள்விப்படுறேன்" என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஆனால் கியர் விழவில்லை. கிளட்ச்சை மிதித்தாலும் கிர்ர் என்று கத்தியது. கிளட்ச் பிளேட் இஞ்சின் சக்கரத்தோடு ஒட்டிப்போய்விட்டது, அதுவும் வெள்ளம் செய்த வேலை. கழற்றினால் பாதி வண்டியைக் கழற்ற வேண்டும். யோசித்தேன். பின்சக்கரம் இரண்டையும் ஜாக்கியில் தூக்கி நிறுத்தினேன். இஞ்சினை அணைத்து மூன்றாம் கியரில் போட்டு, அப்படியே ஸ்டார்ட் செய்தேன். பின்சக்கரங்கள் காற்றில் சுற்றின. கிளட்ச்சைத் தரையோடு அழுத்திக்கொண்டு பிரேக்கைச் சடாரென்று மிதித்தேன். டமார் என்று ஒரு சத்தம், பிளேட் விட்டுக்கொண்டது. திரும்ப ஒட்டாமலிருக்க, ஒரு கொய்யாக் கட்டையை அளவாக வெட்டி, கிளட்ச் பெடலுக்கும் இருக்கைக்கும் நடுவில் முட்டுக் கொடுத்து வைத்தேன். நாள்கணக்கில் நிற்கும்போது பெடல் அமுங்கியே இருந்தால் பிளேட் ஒட்டாது.

அண்ணனுக்குச் சொன்னேன். சந்தோஷப்பட்டான். "நான் ஊத்துன எண்ணதான்டா இஞ்சினக் காப்பாத்திச்சி" என்றான். எனக்குச் சிரிப்பதா, போனை உடைப்பதா என்று தெரியவில்லை. அப்புறம் சொன்னான்: "அடியில நல்லா கழுவு தம்பி. மட்கார்டு உள்ள, ஸ்பிரிங் சந்துல, எங்கயும் ஒரு பொட்டு மண்ணு இருக்கக் கூடாது." அண்ணன் சிட்னிக்குப் போய்ச் சுத்தக்காரனாகிவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். மல்லாக்கப் படுத்து, பழைய பல்துலக்கியால் அந்த ஆற்று வண்டலை எல்லாம் சுரண்டி எடுத்தேன். அவன் அறைக்கு வெள்ளையும் அடித்தேன்.

வந்தான். கட்டிப்பிடித்தான். வாசலில் நின்ற காரைச் சுற்றி வந்தான். கண் கலங்கினான், அது நிஜம்தான். அப்புறம் குனிந்து, மட்கார்டுக்குள் விரலை விட்டுத் தேய்த்து, விரலைப் பார்த்தான். "சுத்தமா இருக்கு" என்றான்.

"உள்ள வாண்ணே, ரூமுக்கு வெள்ளையடிச்சிருக்கேன்."

"ரூம் எதுக்குடா, புதன்கிழமயே திரும்பிப் போற ப்ளைட்டு." அப்புறம் என் தோளில் கையைப் போட்டான். "பையனுக்குக் கல்யாணம் தம்பி. இந்தக் காடியிலதான் பொண்ணும் மாப்ளையும் வரணும்னு எனக்கு ஆச. லௌடோகாவுல கண்டெய்னர் பேசிட்டேன். சிட்னியில அடியில மண்ணு இருந்தா உள்ளயே வுட மாட்டான், அதான் கழுவச் சொன்னேன்."



"நீ இங்கயே இருக்க வரேன்னு நெனச்சேன்" என்றேன்.

"இங்கயா?" அவன் சிரித்தே விட்டான். "பைத்தியமாடா ஒனக்கு? இங்க என்னா இருக்கு?"

"நான் இருக்கேன்."

அவன் சிரிப்பை நிறுத்தினான். "நீங்களும் கல்யாணத்துக்கு வரணும், பேப்பர் எல்லாம் அனுப்புறேன்" என்று என் மனைவி பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் தேநீர் கொண்டு வந்து வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, 'அப்படின்னு அவரு சொன்னாரா' என்று கேட்டிருந்தால்கூடத் தேவலை.

லௌடோகா துறைமுகம் வரை நானேதான் ஓட்டிக்கொண்டு போனேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே கரும்பைப் பார்த்துக்கொண்டு வந்தான். கண்டெய்னருக்குள் ஏற்றி, கொய்யாக் கட்டையைக் கிளட்ச்சுக்கு முட்டுக் கொடுத்தேன். சரக்கு ஏற்றுகிற ஆள் எட்டிப் பார்த்து, மரம் கிரம் எதுவும் போகக் கூடாது, அந்தப் பக்கத்தில் பிடித்து வைத்துவிடுவார்கள் என்றான். அண்ணன் கட்டையை உருவி என் கையில் கொடுத்தான்.

"இரும்புக் கம்பி ஏதாவது வையிண்ணே. இல்லன்னா கடல் காத்துக்கு ஒட்டிக்கும்."

"சரி சரி, பாத்துக்கலாம்."

கதவைச் சாத்தினார்கள். கட்டையும் கையுமாக பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

கல்யாணத்துக்குப் போக விசாவுக்கு மனுப் போட்டோம். மறுத்துவிட்டார்கள். திரும்பி வருவோம் என்று நம்ப முடியவில்லையாம். எப்படி இருக்கிறது! தெருவே காலியானபோதும் போகாமல் உட்கார்ந்திருந்த முட்டாள் நான், நான் திரும்பி வருவேனா என்று அவர்களுக்குச் சந்தேகம். காருக்கு அந்தக் கேள்வி இல்லை. அடியில் மண் இல்லாமல் இருந்தால் போதும்.

கல்யாணத்தன்று காலை தொலைபேசி அடித்தது. தமிழ்.

"தம்பி, காடி ஸ்டார்ட் ஆவுதுடா. கியரு வுழல. கிர்ருனு கத்துது. பொண்ணு வீட்டுக்குப் போவணும், எல்லாரும் ரோட்டுல நிக்கிறாங்க."

பின்னால் நாதஸ்வரம் டேப்பில் ஓடிக்கொண்டிருந்தது.

"கம்பி வச்சியா?"

"அத வுடுடா இப்ப!"

போனை வைத்துவிடலாம் என்றுதான் தோன்றியது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்டுவிட்டு வைத்துவிடலாம். ஆனால் நான் வெந்நீர் ஊற்றி எழுப்பிய இஞ்சின் அது. ஊர் பேர் தெரியாதவர்கள் நடுவில் அது பல்லை இளிக்க நான் விடமாட்டேன். ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஜாக்கியில் தூக்கு, முட்டுக் கொடு, மூன்றாம் கியர், ஸ்டார்ட் பண்ணு, கிளட்ச்சைத் தரையோடு மிதி, பிரேக்கை ஒரே மிதியாக மிதி. "லைன்லயே இரு" என்று போனை எங்கோ வைத்தான்.

இருந்தேன். பின்சக்கரங்கள் சுற்றுகிற சத்தம் கேட்டது. டமார். எல்லோரும் கை தட்டினார்கள். ஜாக்கி இறங்கியது. கதவு ஒன்று சாத்தியது, இன்னொன்று சாத்தியது. கடைசியாக இடது பின்கதவு, ஒரு தரம், இரண்டாம் தரம். முதல் கியர், இரண்டாம் கியர், சுத்தமாக விழுந்தது. சத்தம் தள்ளிப் போய்த் தேய்ந்தது. டேப்பை யாரோ நிறுத்தினார்கள்.

"அண்ணே" என்றேன். "ஹலோ" என்றேன்.

மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள். "ஓடிச்சா?"

"ஓடிச்சி."

"அப்ப வைங்க."

நான் வைக்கவில்லை. நினைவு வந்து யாராவது திரும்பி வந்து எடுப்பார்கள் என்று காத்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்து ஒரு பெண் எடுத்தாள். சாப்பாடு பரிமாற வந்தவளாக இருக்க வேண்டும். யார் வேண்டும் என்று இங்கிலீஷில் கேட்டாள். மாப்பிள்ளையின் சித்தப்பா, பிஜியிலிருந்து என்றேன். குடும்பத்தார் எல்லோரும் கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள், திங்கட்கிழமை கூப்பிடுங்கள் என்று தன்மையாகச் சொல்லிவிட்டு வைத்தாள்.

மனைவி இன்னும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். ரிசீவரை அவள் பக்கம் நீட்டினேன்.

"உங்க அக்காவுக்குப் போன் போடு" என்றேன்.